1843-இல் நட்ட கொடி இன்னும் காய்க்கிறது

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரிலிருந்து வடகிழக்கே காரில் ஒரு மணி நேரம் போனால் பரோசா பள்ளத்தாக்கு. ஷிராஸ் என்ற கறுப்புத் திராட்சையில் செய்யும் சிவப்பு ஒயினுக்குப் பேர்போன இடம். சின்னதும் பெரியதுமாக நூற்றுக்கும் மேற்பட்ட ஒயினரிகள், அதாவது ஒயின் தயாரிக்கும் இடங்கள், இருக்கின்றன. நான் முக்கியமாகப் பார்க்க ஆசைப்பட்டது அங்குள்ள பழைய திராட்சைக் கொடிகளைத்தான்.

டனுண்டா ஊரில் உள்ள லாங்மைல் ஒயினரியில் 1843-இல் நட்ட ஷிராஸ் கொடிகள் இருக்கின்றன. மத விவகாரத்தில் பிரஷ்ய (அன்றைய ஜெர்மானிய நாடு ஒன்று) அரசோடு ஒத்துப்போக முடியாமல் கப்பலேறி வந்த லூத்தரன் கிறிஸ்தவக் குடும்பங்கள் 1842 முதல் இந்தப் பள்ளத்தாக்கில் குடியேறின. அவர்களில் ஒருவரான கிறிஸ்டியன் ஆரிக்ட் நட்டவை இவை. காலணியின் அடிப்பாகத்தைச் சுத்தம் செய்த பிறகுதான் தோட்டத்துக்குள் விட்டார்கள். அடிமரம் முறுக்கிக்கொண்டு, நடுவில் பிளந்து, பட்டை நார்நாராக உரிந்து தொங்குகிறது. செத்த மரம் என்றே நினைக்கத் தோன்றும். ஆனால் அதன் உச்சியில் பச்சைப்பசேலென்று தளிரும், அதற்குக் கீழே சின்னச் சின்னக் குலைகளும்.

காலணிக்கு இவ்வளவு கெடுபிடி ஏன்? அதில் ஒட்டிய மண்ணோடு பூச்சி உள்ளே வந்துவிடலாம் என்ற பயம்தான். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபிலாக்ஸரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களைத் துவம்சம் செய்தது. அங்கே இன்று பெரும்பாலான கொடிகள், இந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கத் திராட்சை வேரில் ஒட்டுக்கட்டியவை. தெற்கு ஆஸ்திரேலியா 1899-லேயே இதற்கென்று சட்டம் போட்டது. பூச்சி இன்றுவரை உள்ளே வரவில்லை. அதனால் பரோசாவின் பழங்கொடிகள் சொந்த வேரிலேயே நிற்கின்றன.

பூச்சியிடமிருந்து தப்பித்தவை மனிதர்களிடம் சிக்கிக்கொண்டன. 1980களில் திராட்சைக்கு விலை இல்லாமல் போக, கொடிகளைப் பிடுங்கிப் போடுவதற்கு அரசே பணம் கொடுத்தது. நூறு வயதுக் கொடிகளெல்லாம் போயின. அந்தக் காலத்தில் பிடுங்க மாட்டேன் என்று நின்ற விவசாயிகளை நினைத்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. இன்று 125 வயது தாண்டிய கொடிகளுக்கு 'மூதாதை' என்ற தகுதியே கொடுத்துப் பதிவு செய்கிறார்கள்.

சரி, ருசிக்கு வருவோம். முதலில் இளங்கொடியின் ஷிராஸ், அப்புறம் பழங்கொடியினுடையது என்று வரிசையாக ஊற்றினார்கள். முதலாவதில் பழவாசனை முன்னால் வந்து நிற்கும். நாக்கில் துவர்ப்பு சட்டென்று பிடிக்கும். பழங்கொடி ஒயினில் அந்தத் துவர்ப்பு மெதுவாகத்தான் ஏறுகிறது. மிளகு வாசனை கொஞ்சம். விழுங்கிய பிறகும் வெகுநேரம் வாயில் நிற்கிறது. வயதான கொடி குறைவாகவே காய்க்கும், அந்தக் கொஞ்சத்தில்தான் இந்தச் சாரம் என்று பரிமாறியவர் சொன்னார். குடித்த பிறகு நம்பத்தான் வேண்டியிருந்தது.

அடுத்தது செப்பெல்ட்ஸ்ஃபீல்ட் ஒயினரி. சாலையின் இருபுறமும் நிற்கும் பேரீச்ச மரங்கள், 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் தொழிலாளர்களை வேலையிலிருந்து அனுப்பாமல் வைத்துக்கொள்ள நடவைத்தவை. 1878-இல் இந்த ஒயினரிக் குடும்பத்தின் பென்னோ செப்பெல்ட் ஒரு பீப்பாய் டானி ஒயினை (பீப்பாயிலேயே முதிரவைக்கும் இனிப்பு ஒயின்) ஒதுக்கி, நூறு வருடம் யாரும் தொடக்கூடாது என்றார். அதன் பிறகு ஒரு வருடம்கூட விடாமல் ஒதுக்கிவருகிறார்கள். நாம் பிறந்த வருடத்துப் பீப்பாயிலிருந்தே எடுத்துத் தருவார்கள்; கட்டணம் தனி. நான் நூறு வயதானதையும் கேட்டு வாங்கினேன். ஒரு சின்ன மடக்குதான். கருப்பட்டிப் பாகு மாதிரி கெட்டியாக, கிட்டத்தட்டக் கறுப்பாக, கோப்பையைச் சாய்த்தால் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கிறது. இனிப்பு, காரம், கடைசியில் ஒரு புளிப்பு.

போகிறவர்களுக்கு ஒன்று: ஒரே நாளில் மூன்று ஒயினரிகளுக்கு மேல் வேண்டாம், அதற்குமேல் நாக்கு மரத்துவிடும். ருசி பார்த்துவிட்டுத் துப்புவதற்கு எல்லா இடத்திலும் பாத்திரம் வைத்திருக்கிறார்கள், கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள். இங்கே வண்டி ஓட்ட இரத்தத்தில் மதுவின் அளவு 0.05 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். குடிக்காத நண்பர் கூட வராவிட்டால் சுற்றுலா வேனைப் பிடித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை என்றால் காலையில் முதலில் ஆங்காஸ்டன் உழவர் சந்தைக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.