மாமாவின் முதுகைக் காத்த தோல்

பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் வந்து கையெழுத்துக் கேட்டதும் அத்தைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கிறது. இப்போது அழகு ஒரு கேடா?" என்றார். மாமா அப்போது சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில், செயற்கைச் சுவாசத்தில் கிடந்தார். கடையில் எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்து மார்பு, முதுகு, இரண்டு கைகள் என்று வெந்துபோயிருந்தன.

மருத்துவர் பொறுமைசாலி. செத்த தோலை அப்படியே விட்டால் கிருமிகள் பெருகி இரத்தத்தில் கலந்துவிடும். ஆள் தேறட்டும் என்று காத்திருந்தால் தேறவே மாட்டார் என்றார். சரி, வெட்டியெடுத்த இடத்தை எதை வைத்து மூடுவது? தொடையில் மெல்லிய ஏடாகத் தோலைச் சீவி, இயந்திரத்தில் கொடுத்துக் கண்ணி கண்ணியாகத் துளையிட்டு, மீன்வலைபோல விரித்து ஒட்டினார்கள். அதுவும் போதவில்லை. சீவிய இடம் ஆறி மறுபடி எடுக்க இரண்டு வாரமாவது பிடிக்கும். அதுவரை முதுகை மூடியிருந்தது, இறந்துபோன யாரோ கொடுத்த தோல். சில வாரங்களில் உடல் அதைத் தள்ளிவிடும். அதற்குள் சொந்தத் தோல் தயாராக வேண்டும்.

அறையை வேண்டுமென்றே சூடாக வைத்திருந்தார்கள், தோலில்லாத உடம்பு சூட்டை இழந்துகொண்டே இருக்குமாம். அங்கியும் முகக்கவசமும் மாட்டிக்கொண்டு நுழைந்தால் ஐந்து நிமிடத்தில் தொப்பலாக நனைந்துவிடுவோம். தாதியர் மணிக்கணக்கில் அதற்குள் நின்றுதான் கட்டு மாற்றினார்கள்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று: மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1987-இல் சிறுநீரகத்துக்காக வந்தது, 2004-இல் கல்லீரல், இதயம், கருவிழியும் சேர்ந்தன. இறந்தபின் இவற்றை எடுக்கக் கூடாதென்று மறுப்பு எழுதிக் கொடுக்காவிட்டால் சம்மதம் என்று கொள்வார்கள். தோல் அதில் சேரவில்லை. அதற்கு 18 வயது நிரம்பியவர் தாமாக முன்வந்து வேறொரு சட்டத்தின்கீழ் உறுதிமொழிப் படிவம் கொடுக்க வேண்டும். கேட்டுப் பெறாவிட்டால் வீடு தேடி வராத படிவம் அது.

மாமா இப்போது தழும்பு தடிக்காமலிருக்க இறுக்கமான அழுத்த உடையைப் போட்டுக்கொண்டு, இந்தப் புழுக்கத்தில் நாள் முழுவதும் சபித்துக்கொண்டிருக்கிறார். சபிக்கத் தெம்பு வந்திருக்கிறதே!

நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அத்தையிடமும் ஒரு படிவத்தை நீட்டினேன்.

"பெட்டியில் கிடத்தும்போது கோரமாக இருக்காதா?"

"முதுகிலும் தொடையிலும் மேலேடாகத்தான் எடுப்பார்கள் அத்தை. புடவை கட்டினால் தெரியாது."

"எந்தப் புடவை?" என்றார். அதைப் பற்றி அரைமணி நேரம் பேசினோம்.