காசுக்கு வேலை கொடுக்கும் வேலை

கிளிநொச்சியில் இருந்துகொண்டு, எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு நாட்டின் தங்கக் காசுக்குப் பெறுமதி கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்கிறேன். ஊரில் யாராவது கேட்டால் "கம்பியூட்டர் வேலை" என்று சொல்லி முடித்துவிடுவேன். அதற்கு மேல் விளக்கினால், "அப்ப கேம் விளையாடிறதுக்கோ சம்பளம் தாறாங்கள்?" என்று கேட்பார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் நாளின் பெரும்பகுதி எக்செலில்தான் கழிகிறது.

நிறுவனம் வெளிநாட்டில் இருக்கிற சின்ன நிறுவனம். வாளும் மந்திரமும் அரக்கர்களும் இடிந்த கோட்டைகளுமாக, ஒருவர் தனியாக இருந்து விளையாடும் ரோல் பிளேயிங் கேம் ஒன்றைச் செய்கிறார்கள். நான் அறிவியல் நகரில் விவசாயப் பொருளியல் படித்தவன். முதலில் கேமை விளையாடிப் பிழை பிடித்து எழுதத்தான் எடுத்தார்கள். பிழைகளை விடக் கடைக்காரர்களின் விலைகளைப் பற்றித்தான் நான் கூட எழுதினேன். கடைசியில் அந்தப் பக்கத்தை என்னிடமே தந்துவிட்டார்கள்.

ஒவ்வொரு பொருளுக்கும் விலை எழுதுவதுதான் இந்த வேலை என்று பலர் நினைக்கிறார்கள். விலை எழுதுவது கடைசியில் வருகிற காரியம். முதலில் பார்க்க வேண்டியது வரத்தையும் போக்கையும். எங்கள் இரணைமடுக் குளத்தை அறிந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. கனகராயன் ஆறு கொண்டுவருவது ஒரு பக்கம், துருசு என்கிற மதகாலும் வான்கதவாலும் வெளியேறுவது மறுபக்கம். கேமில் ஓர் அரக்கனைக் கொன்றால் காசு வெறுமையில் இருந்து பிறக்கிறது, யாருடைய பையிலும் அதனால் குறைவதில்லை. சத்திர வாடகைக்கும் மருந்துக் குப்பிக்கும் கொடுக்கிற காசு அப்படியே உலகத்தை விட்டு மறைந்துபோகிறது. பிறப்பது கூடி மறைவது குறைந்தால், விளையாடுபவர் பாதிக் கதையிலேயே பெரும் பணக்காரர். அதற்குப் பிறகு புதையல் பெட்டியைத் திறப்பதில் அவருக்கு என்ன சுகம்?

பலர் சேர்ந்து விளையாடும் இணைய உலகங்களில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. 1997இல் வந்த அல்டிமா ஒன்லைன் தொடக்கத்தில் ஒரு மூடிய பொருளாதாரமாகவே திட்டமிடப்பட்டது. உலகில் உள்ள பொருள்கள் எல்லாம் ஒரு மொத்தக் கணக்குக்குள் சுற்றிவர வேண்டும் என்பது எண்ணம். மனிதர்கள் கிடைத்ததை எல்லாம் பெட்டிகளில் பூட்டி வைத்தார்கள். பூட்டியது திரும்பி வராததால் புதிதாக எதுவும் பிறக்க முடியவில்லை, அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். டியாப்லோ 2இல் வேறு விதம். தங்கம் எளிதில் குவிந்தது, ஆனால் அதைக் கொடுத்து வாங்க உருப்படியாக எதுவும் இல்லை. ஆட்கள் தங்களுக்குள் ஸ்டோன் ஒஃப் ஜோர்டன் என்ற மோதிரத்தை நாணயம்போல மாற்றத் தொடங்கினார்கள். யாரும் சட்டம் போடவில்லை. செய்ய வேலை இல்லாத காசை மக்கள் தாங்களாகவே தள்ளி வைத்துவிடுவார்கள்.

எங்களுடையது தனியாள் கேம் என்பதால் சந்தை என்று ஒன்று இல்லை, நான் எழுதிய விலை எழுதியபடியே நிற்கும். இருந்தாலும் காசு செத்துப்போகத்தான் செய்கிறது. சத்தமில்லாமல் சாகிறது, அவ்வளவுதான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். நான் வேலையைப் பொறுப்பெடுத்தபோது கதையின் தொடக்கத்தில் ஒரு கிழவி வருவாள். மகனைக் கொள்ளைக்காரர் பிடித்துவிட்டார்கள், மீட்டுத் தந்தால் தன் வாழ்நாள் சேமிப்பான 100 தங்கத்தைத் தருவாள். எழுத்தாளர் அந்த இடத்தை நன்றாகவே எழுதியிருந்தார். ஆனால் குகைக்குள் எட்டுக் கொள்ளைக்காரர் இருந்தார்கள். ஆளுக்கொரு இரும்பு வாள். வாளைக் கொல்லன் 30 தங்கத்துக்கு வாங்குவான், ஆக 240. மீட்புக்குப் போனவன் வாள்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு வந்தாலே கிழவியின் ஆயுள் சேமிப்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கிடைத்துவிடும். அவள் கண்ணீரோடு நீட்டுகிற 100, கையில் சில்லறை விழுந்ததுபோல இருக்கும். எழுத்தாளரின் கதையை என் எக்செல் கொன்றுகொண்டிருந்தது.

கிழவியின் பரிசைக் கூட்டுவதுதான் முதலில் தோன்றும் வழி. அது வரத்தை இன்னும் கூட்டும். நாங்கள் கொள்ளைக்காரரின் வாள்களைத் துருப்பிடித்த வாள்களாக்கினோம். கொல்லன் அவற்றைப் பழைய இரும்பு விலைக்குத்தான் எடுப்பான். வாளின் பாரத்தையும் கூட்டினோம், எட்டு வாளைத் தூக்கினால் ஓட முடியாது. ஸ்கைரிம் என்ற கேமில் கடைக்காரர் கையில் குறிப்பிட்ட அளவு காசுதான் இருக்கும். அது முடிந்தால் அவர் வாங்கமாட்டார், நாள் கழிந்துதான் திரும்ப வர வேண்டும். அதையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டோம். நாட்டுப்புறக் கொல்லன் ஒருவனிடம் அளவில்லாத பணம் இருக்கும் என்று நம்பச் சொல்வதுதான் எனக்கு அரக்கர்களை விடப் பெரிய கற்பனையாகத் தெரிகிறது.

அடுத்தது வட்டக் கணக்குகள். ஒரு கடையில் மூலிகை வாங்கி, காய்ச்சி, அதே கடையில் மருந்தாக விற்று இலாபம் பார்க்க முடிந்தால் கதை முடிந்தது. அதனால் ஒவ்வொரு செய்முறைக்கும் மூலப்பொருளின் மிகக் குறைந்த கொள்விலையையும் முடிந்த பொருளின் மிகக் கூடிய விற்பனை விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். பேரம் பேசும் திறன் உச்சத்தில் இருக்கும்போதும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால், எங்கோ ஓர் ஓரத்தில் கொள்விலை விற்பனை விலைக்குக் கீழே இறங்கிவிடும். 2002இல் வந்த மொரோவிண்ட் என்ற கேமில் கல்டேரா என்ற ஊரில் கிரீப்பர் என்று ஒரு குட்டிப் பிசாசு உண்டு. வாள், கவசம் என்று கொடுத்தால் பேரம் இல்லாமல் முழு விலைக்கு எடுக்கும், கையில் 5000 தங்கமும் வைத்திருக்கும். மற்ற வியாபாரிகளை எல்லாம் அந்தப் பிசாசு வேலையற்றவர்களாக்கியது. ஆனாலும் விளையாடியவர்கள் இன்றைக்கும் அதைப் பாசத்தோடு நினைக்கிறார்கள். எல்லா ஓட்டையையும் அடைக்கத்தான் வேண்டுமா என்று எனக்கு அப்போதெல்லாம் சந்தேகம் வரும்.

விட்சர் 3 என்ற கேமில் விளையாடியவர்கள் மாடுகளைக் கொன்று, தியானத்தில் இருந்து நேரத்தை ஓட்டி, திரும்ப வந்த மாடுகளைக் கொன்று, தோல் விற்றே பணக்காரரானார்கள். அதற்குத் தயாரித்தவர்கள் ஒரு தீர்வு கண்டார்கள். அளவுக்கு மிஞ்சி மாடுகளைக் கொன்றால் பெரிய அரக்கன் ஒன்று வந்து அடிக்கும்படி செய்தார்கள். இரவில் ஏ9 வீதியில் மாடுகளுக்குப் பயந்து மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன் என்ற முறையில், மாட்டுக்கும் ஆள் உண்டு என்று காட்டிய அந்தத் தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது.

இப்போது முற்றுகை நகரத்துக்கு வருகிறேன். கதையின் நடுவில் எதிரிப் படை ஒரு நகரைச் சூழ்ந்துகொள்ளும், பாதைகள் எல்லாம் அடைபடும். தலைமை வடிவமைப்பாளர் அதற்கு ஓர் அட்டவணை அனுப்பியிருந்தார். பாண் விலை பத்து மடங்கு, மருந்து இருபது மடங்கு, விளக்கெண்ணெய் பதினைந்து மடங்கு. பாடப் புத்தகத்தில் இருப்பதும் அதுதான், வரத்து நின்றால் விலை ஏறும். எனக்கு ஏனோ மனம் ஒப்பவில்லை. சின்னம்மா தருமபுரத்தில் கடை வைத்திருப்பவர், தொண்ணூறுகளின் போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் இங்கேயே வாழ்ந்தவர். சவர்க்காரம், பற்றரி, பெற்றோல், சீமெந்து, உரம் என்று தடைப் பட்டியல் நீண்டிருந்த காலம் அது. விஷயத்தைச் சொல்லாமல் பொதுவாகக் கேட்டேன்.

"விலை ஏறும்தான் தம்பி, அது பிறகு. முதல்ல சாமான் காணாமப்போகும். கடைக்காரன் இல்லையெண்டுதான் சொல்லுவான். தெரிஞ்ச ஆக்களுக்கு மட்டும் பின்பக்கத்தால குடுப்பான்."

"கூடக் காசு குடுத்தால்?"

"காசை வச்சு அவன் என்ன செய்யிறது? திருப்பிச் சாமான் எடுக்க அவனுக்கும் வழியில்லையே."

பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் முழுக்கப் படித்ததை ஒரு வரியில் சொல்லி முடித்துவிட்டார். வியாபாரி விலை சொல்லும்போது நினைப்பது தான் வாங்கிய விலையை அல்ல, திரும்ப எடுக்கப்போகும் விலையை. திரும்ப எடுக்கவே முடியாது என்றால் அவனிடம் சொல்ல விலை எதுவும் இல்லை. பிறகு அவர் வேறு கதைகளுக்குப் போனார். ஜாம் போத்தல் விளக்கு, அடியில் பஞ்சு, அதில் கொஞ்சமே கொஞ்சம் எண்ணெய். டைனமோவைச் சுற்றிக் கேட்ட வானொலி. மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள். கடைசி இடப்பெயர்வில் பாரமானதை எல்லாம் விட்டுவிட்டு, பாரம் குறைந்ததும் பெறுமதி கூடியதும் என்று நகையை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு நடந்ததையும் சொன்னார். ஒரு காப்பு ஒரு பைக்கற் பால்மாவுக்குப் போனதாம். அதைச் சொல்லும்போது குரலில் ஒன்றும் மாறவில்லை. கடைக்கு ஆள் வந்ததும் எழுந்து போய்விட்டார்.

அட்டவணையைத் திருப்பி எழுதினேன். முற்றுகை நகரில் இப்போது விலைகள் பெரிதாக ஏறுவதில்லை, கடையின் பட்டியல்தான் நாளுக்கு நாள் சுருங்குகிறது. வியாபாரி "இல்லை" என்பான். முன்பு அவனுக்கு ஏதாவது உதவி செய்திருந்தால் மட்டும் பின்கதவு திறக்கும். அப்போதும் தங்கம் வேண்டாம், உப்பு இருந்தால் கொண்டுவா என்பான். மருந்துக் குப்பி கிடைக்காது, ஆனால் இலையை அவித்துக் குடித்தால் பாதி குணம் வரும். இந்தக் கடைசி விஷயம் கட்டாயம் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். எண்ணெய் இல்லாத ஊரில் இருள்தான் என்று முடிப்பது, தடைக்குள் வாழ்ந்து பார்க்காதவர்களின் கற்பனை.

சோதனைக்கு விட்டபோது பை நிறையத் தங்கத்தோடு வந்தவர்கள் திகைத்துப் போனார்கள். சிலர் "பிழை: கடை வேலை செய்யவில்லை" என்று எழுதி அனுப்பினார்கள். அந்த அறிக்கைகளை நான் இன்னும் அழிக்கவில்லை.

இதையெல்லாம் வெறும் பழங்கதை என்றும் தள்ள முடியாது. 2022இல் எனக்கே நடந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்க்குக் கிட்ட நின்ற டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. என் சம்பளம் டொலரில் வருவதால், ஒரு வேலையும் கூடச் செய்யாமல் ரூபாயில் முக்கால் மடங்கு கூடிவிட்டது. அயலில் உள்ள கமக்காரர்கள் அதற்கு முந்திய வருடத்து உரத்தடையில் அடிபட்டு, டீசல் இல்லாமல் உழவு இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் சம்பளத்தைப் பற்றி வாய் திறக்க முடியாது. ஆனால் அந்தக் கூடின காசை வைத்து நானும் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. காஸ் இல்லை, பெற்றோல் வரிசை, மின்வெட்டு நீண்ட நாட்களில் இணையமும் இல்லை. பிறகு எரிபொருளுக்குக் கியூஆர் கோட் வந்ததும் ஒரே வகை வாகனத்துக்குப் பங்கீடு எல்லாருக்கும் ஒன்றுதான், பையின் கனம் அங்கே செல்லாது. கேமில் பங்கீட்டு முறை வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். கையில் காசோடு வரிசையில் நின்று பார்த்தவன் அதைப் பொழுதுபோக்காகச் செய்து கொடுக்க விரும்பமாட்டான். வேண்டாம் என்றேன்.

பருவத்துக்குப் பருவம் விலை மாறுவதையும் கொஞ்சக் காலம் வைத்துப் பார்த்தோம். காலபோக அறுவடை முடிந்ததும் எல்லாருடைய நெல்லும் ஒரே நேரத்தில் இறங்கி, கடன்காரனும் அதே நேரத்தில் வாசலில் நிற்க, நெல் வந்த விலைக்குப் போவது இங்கே எல்லாருக்கும் தெரியும். விளையாடுபவருக்கு அது கண்ணில் படவே இல்லை. கால்வாசி ஏறினாலும் இறங்கினாலும் அவர் பாட்டுக்கு வாங்குகிறார். எடுத்துவிட்டோம்.

இப்போது நடக்கிற சண்டை கதையின் கடைசிப் பகுதியைப் பற்றியது. அங்கே வரும்போது எப்படிப் பார்த்தாலும் எல்லாரும் பணக்காரர்தான். அந்தக் காசுக்கு ஒரு வேலை வேண்டும். 1986இல் வந்த ட்ராகன் குவெஸ்டில் செத்தால் பாதிப் பணம் போய்விடும். அது போன்ற தண்டனைகளில் எனக்கு விருப்பமில்லை, ஆயுதத் திருத்தக் கூலியும் அப்படித்தான். பிடுங்கிக்கொண்டு போனால் கோபம்தான் வரும், தானாக நடந்து வந்து கொடுக்க ஓர் இடம் இருக்க வேண்டும். ஆகவே படையெடுப்பில் உடைந்த ஒரு குளக்கட்டைத் திருத்துகிற வேலையை வைத்தேன். மண், கல், துருசு, கூலி என்று படிப்படியாக 40,000 தங்கம் விழுங்கும். கட்டு உயர உயரக் கீழே உள்ள வெளி பச்சையாகும், ஓடிப்போன குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பும்.

தலைமை வடிவமைப்பாளருக்கும் அது பிடித்துவிட்டது. ஆனால் வயல் விளைந்தால் அதைத் திருத்திக் கொடுத்தவருக்கு ஒரு பங்கு வர வேண்டாமா என்று கேட்கிறார். வரக்கூடாது என்கிறேன் நான். அசாசின்ஸ் கிரீட் 2இல் மொண்டெரிஜ்ஜோனி ஊரைத் திருத்தத் திருத்த வருமானம் பெட்டியில் வந்து விழுந்துகொண்டே இருக்கும், கொஞ்ச நேரத்தில் அந்தக் காசை என்ன செய்வதென்றே தெரியாது. செலவு வாசல் என்று வைத்தது இன்னொரு வரத்தாகிவிடும். அவர் ஒரு சமரசம் சொன்னார். காசாக வேண்டாம், அறுவடைக்கு ஒருமுறை ஒரு மூட்டை அரிசி வரட்டும் என்று. ஒரு மூட்டை என்றால் பரவாயில்லை. ஆனால் அதை விற்க முடியாதபடி செய்ய வேண்டும் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.