கச்சான் காற்று ஓயுமுன் வரைய வேண்டியவை: உயர்தரச் சித்திரத் தொகுப்புக்கு ஓர் ஆண்டு

திருகோணமலையில் உயர்தர வகுப்புச் சித்திரப் பிள்ளைகளுக்கு நாங்கள் போட்ட ஓராண்டுத் திட்டத்துக்கு அளவுகோலாக எடுத்தது, அமெரிக்காவில் பாடசாலை மேல்வகுப்புப் பிள்ளைகள் எடுக்கும் ஏபி (அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட்) சித்திரத் தேர்வின் கட்டமைப்பை. இங்கே யாரும் அந்தத் தேர்வுக்குத் தோற்றப்போவதில்லை. ஆனாலும் வருடம் முழுக்க வரைந்த எல்லாவற்றையும் ஒரு கோப்பில் அடுக்கி நீட்டும் பழக்கத்துக்கு அது நல்ல மருந்து.

ஏபியில் ஒப்படைக்கும் தொகுப்புக்கு இரண்டு பகுதி. ஒரே கேள்வியைத் தொடர்ந்து துருவிய வேலைக்கு 15 படங்கள். நூற்றுக்கு 60 புள்ளி அதற்கு. தெரிந்தெடுத்த 5 வேலைகளுக்கு மீதி 40. அந்த 5 முதற்பகுதியில் உள்ளவையாகவும் இருக்கலாம், தொடர்பே இல்லாதவையாகவும் இருக்கலாம். மே மாத முற்பகுதியில் ஒப்படைப்பு. பலர் தடுக்கி விழும் இடம் அந்த 15. அது 15 முடிந்த ஓவியம் அல்ல. செய்முறையைக் காட்டும் படங்களும் அதற்குள் அடக்கம். நாங்கள் 9 முடிந்த வேலை, 6 செய்முறைப் படம் என்று பிரித்தோம். 15 ஓவியத்தையும் முடிக்க ஓடினால் பத்தாவதிலிருந்து கை களைத்துப்போவது தெரியும், பார்ப்பவருக்கும் தெரியும்.

கேள்விக்கு ஜூன் மாதம் முழுவதையும் கொடுத்தோம். 'கடல்', 'என் ஊர்', 'தனிமை' எல்லாம் தலைப்புகள், கேள்விகள் அல்ல. கோணேசர் கோயிலை வாழ்த்து அட்டை போலப் பதினைந்து தரம் வரைந்தாலும் தேடல் ஆகாது. கரைவலை (கரையில் நின்று பலர் சேர்ந்து இழுக்கும் மீன்வலை) இழுப்பவரின் முதுகு வளைவையும் கயிற்றின் இறுக்கத்தையும் ஒரே கோட்டில் காட்ட முடியுமா? இது கேள்வி. வரையாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது, முதல் முயற்சியே தோற்கவும் கூடும். இன்னொரு சோதனையும் உண்டு: அந்த இடத்துக்குச் சைக்கிளில் கிழமைக்கு இரண்டு தரம் போய்வர முடியுமா? முடியாவிட்டால் பிள்ளை இணையப் படத்தைப் பார்த்து வரையத் தொடங்கிவிடும். பிறர் எடுத்த படத்தை அப்படியே பிரதி செய்தால் ஏபியில் எடுபடாது. செயற்கை நுண்ணறிவுக் கருவிக்கு எந்தக் கட்டத்திலும் இடமில்லை. இரண்டையும் நாங்களும் விதியாக்கினோம்.

அடுத்து காற்று. கரைவலை, கடல் அடங்கிக் கிடக்கும் மாதங்களின் தொழில். ஒக்ரோபரில் வாடைக்காற்று தொடங்கிவிட்டால் கரையில் இழுப்பைப் பார்ப்பது அரிது. ஆகவே நேரில் வரைய வேண்டியதெல்லாம் செப்டெம்பருக்குள் முடிய வேண்டும். ஒரு தரம் 40 நிமிடம், அதில் 2 நிமிடக் கோட்டுப்படம் பத்து, ஒரு நீண்ட படம். செப்டெம்பர் முடிவில் நீண்ட படம் 25 ஆவது கையில் இருக்க வேண்டும். பிரட்ரிக் கோட்டைப் பக்கம் போகிறவர்கள் மானையும் மரத்தையும் வரையலாம். உள்ளே படைமுகாம் இருப்பதால் கமராவை எங்கே திருப்புகிறோம் என்பதில் கவனம் தேவை.

தென்மேற்கிலிருந்து வீசும் வரண்ட கச்சான் காற்றில் நீர்வர்ணம் படுத்தும் பாடு தனி. தூரிகையை எடுத்து மறுபடி வைப்பதற்குள் விளிம்பு காய்ந்து கோடு விழுந்துவிடும். தாளின் இரு பக்கத்தையும் நனைத்துப் பலகையில் படிய விட்டு, காலை 8 மணிக்கு முன் பெரிய பூச்சுகளை முடிப்பதே வழி. தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 300 கிராம்) தடிப்பு. பிறிஸ்டல் போர்ட் என்ற வழுவழுப்பான அட்டை மலிவுதான். பேனைக்கும் பென்சிலுக்கும் நல்லது, தண்ணீர் கூடினால் மேற்பரப்பு உரிந்து வரும். அக்ரிலிக் தட்டிலேயே காயும். ஈரத்துணியை விரித்து, அதன்மேல் எண்ணெய்த்தாள் போட்டுக் கலந்தால் ஒரு காலைப்பொழுது தாங்கும்.

மழைக்காலத்தில் வில்லன் பூஞ்சணம். பத்திரமாக இருக்கட்டும் என்று பொலித்தீனில் சுற்றி வைக்கும் தாளில்தான் முதலில் புள்ளி விழும், ஏனென்றால் ஈரம் உள்ளே அடைபட்டுவிடுகிறது. சுவரோடு சாத்தாமல், நிலத்திலிருந்து உயர்த்திய தட்டில் படுக்கையாக, இடையிடையே எண்ணெய்த்தாள் வைத்து அடுக்குங்கள். பத்திரிகைத்தாள் வேண்டாம்; மை ஒட்டும்.

ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை வீட்டுக்குள் பரிசோதனை. உண்மையில் ஆண்டின் உயிர் இங்கேதான். ஒரே கோட்டுப்படத்தை எடுத்து மூன்று பொருளில் செய்து பார்க்கச் சொன்னோம்: கரி, ஈர்க்கால் தொட்டு இழுத்த இந்தியன் மை, பழைய வலைத்துண்டால் எடுத்த பதிவு. ஈர்க்கின் நுனியைச் சற்று நசுக்கினால் மை பிடிக்கும். நசுக்காவிட்டால் முதல் அங்குலத்திலேயே தீர்ந்துவிடும். வலைப்பதிவு முதல் தடவை அநேகமாகக் கறுப்புத் திட்டாகவே வரும். நைலோன் மையை உறிஞ்சாது. தடிப்பாகப் பூசினால் கண்ணிகள் அடைபட்டுவிடும். மையைக் கண்ணாடியில் மெல்லிய படலமாக உருட்டி, றோலரை வலைமேல் ஒரே தரம் ஓட்டி, தாளை இலேசாக ஈரமாக்கி அழுத்தினால் முடிச்சுகள் வரை விழும். அந்தக் கறுப்புத் திட்டையும் எறிய வேண்டாம். பின்பக்கம் பென்சிலால் திகதியும், எது பிழைத்தது என்று ஒரு வரியும் எழுதி வையுங்கள். பயிற்சி, பரிசோதனை, திருத்தம் மூன்றும் நடந்ததற்கு ஏபியில் கண்ணால் காணும் சான்று கேட்கிறார்கள். பிழைத்த தாளைவிட நல்ல சான்று இல்லை. திருத்தத்தைப் பொறுத்தவரை ஒரே கட்டளை: மேலே பூசுவதற்கு முன் படமெடு. பூசிய பிறகு எடுக்க ஒன்றும் இருக்காது.

பெப்ரவரி, மார்ச் பெரிய வேலைகளுக்கு. ஏ2 அளவில் நான்கு போதும், மற்றவை ஏ3.

படமெடுப்பதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளினால் ஆண்டு உழைப்பு மங்கலாகிப் போகும். நேர்வெயில் படாத விறாந்தை, காலை நேரம், தொலைபேசி தாளுக்கு நேர் எதிரே. மிக அருகில் போனால் விளிம்புகள் வளையும். இரண்டடி பின்வாங்கிச் சற்றே சூம் பண்ணுங்கள். நீல, பச்சைச் சுவருள்ள விறாந்தையானால் வெள்ளைத்தாளும் அந்த நிறத்தில் வரும். எதிர்ப்பக்கம் வெள்ளைத்துணி தொங்கவிட்டால் தணியும். கரி வேலையை, கரி உதிராமல் பிடித்துவைக்கும் பிக்ஸட்டிவ் அடிக்க முன்னரே படமெடுத்துவிடுங்கள், அடித்ததும் தொனி ஒரு படி கறுக்கும். அடிக்கும்போது ஓரடி தள்ளி நின்று மெல்லிய பூச்சு மூன்று. ஒரே பூச்சாக நனைத்தால் கரி வழியும். தொலைபேசியின் பில்டர் விளைவுகள் எதுவும் வேண்டாம்.

ஒவ்வொரு படத்தின் கீழும் அளவு, பொருள், செய்முறை. 'கலப்பு ஊடகம்' என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. 'ஈர்க்கால் மை, வலைப்பதிவு, பிறிஸ்டல் போர்ட்' என்று எழுத வேண்டும். கேள்வியை விளக்கும் குறிப்பு பத்து வரிக்குள். பிள்ளைகள் இதில் கவிதை எழுதப் பார்ப்பார்கள், விடாதீர்கள்.

அச்செடுப்பு, மவுண்ட் (படத்தைச் சுற்றி வரும் அட்டைச் சட்டம்) வெட்டுவது எல்லாம் ஏப்ரல் 10க்கு முன். அதன்பிறகு புத்தாண்டுக்குக் கடைகள் பூட்டு.