தாயிஃபில் பிறந்த வெளியுறவு அமைச்சர்

சவுதி அரேபியாவுக்கு வேலைக்குப் போய்வந்த எவரிடமும் 'மோஃபா' என்று சொன்னால் போதும், உடனே ஒரு பெருமூச்சு வரும். அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கம் அது. பட்டச் சான்றிதழுக்கு அதன் முத்திரை வேண்டியிருந்தது. ஊரிலிருந்து மனைவி மக்களை விசிட் விசாவில் அழைத்துவர அதன் இணையதளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். ரியாத்தில் நான் இருந்த காலத்தில், அப்படியொரு படிவத்தை அச்செடுத்து, வர்த்தகச் சபையின் முத்திரைக்காக எங்கள் நிறுவனத்துக்காக அரசு அலுவலகங்களுக்கு அலையும் 'மந்தூப்'பிடம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த நாளொன்றில், இந்த அமைச்சகத்தின் தலைமையில் இருப்பவர் யார் என்ற கேள்வி எனக்குள் எழுந்தது. விசாரித்தபோது வியப்பாக இருந்தது. நான் பிறப்பதற்கு முன்பே அமைச்சரானவர், அப்போதும் அதே நாற்காலியில் இருந்தார்.

அவர் இளவரசர் சவூத் அல் ஃபைசல். 1975 அக்டோபர் முதல் 2015 ஏப்ரல் வரை, காலித், ஃபஹத், அப்துல்லா, சல்மான் என நான்கு மன்னர்களின் கீழ் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். அவருக்கு முன் அந்தப் பொறுப்பை நெடுங்காலம் வகித்தவர் அவருடைய தந்தை மன்னர் ஃபைசல். 1930இல் அமைச்சகம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் அமைச்சரும் அவரே. மன்னரான பிறகும் அந்தத் துறையை அவர் கைவிடவில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் ஏற்பட்ட ஒரு சிறு இடைவெளியைத் தள்ளிவிட்டால், அந்நாட்டின் வெளியுறவு எண்பத்தைந்து ஆண்டுகள் ஒரே வீட்டுக்குள் இருந்ததாகவே கொள்ளலாம்.

1940இல் தாயிஃப் நகரில் சவூத் பிறந்தார். தாயார் இஃபத் இஸ்தான்புல்லில் வளர்ந்தவர். ஜித்தாவில் பெண்களுக்கென்று 'தார் அல் ஹனான்' பள்ளியை 1955இல் தொடங்கியவர். தம் பிள்ளைகளின் படிப்பில் அந்த அம்மையார் காட்டிய கண்டிப்புக்குப் பலன் இருந்தது என்பதற்கு, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1964இல் பொருளாதாரப் பட்டம் பெற்றுத் திரும்பிய இந்த மகனே சான்று. திரும்பியவர் நேராக அரண்மனை அரசியலுக்குள் நுழையவில்லை. எண்ணெய் அமைச்சகத்தில் பொருளாதார ஆலோசகராகச் சேர்ந்து, அரசின் எண்ணெய் நிறுவனமான பெட்ரோமினில் பணியாற்றி, எழுபதுகளின் தொடக்கத்தில் துணை அமைச்சரானார். அப்போது அவருடைய மேலதிகாரி, உலகமே அறிந்த எண்ணெய் அமைச்சர் அஹ்மத் ஜகி யமானி.

1975 மார்ச் 25 அன்று, குவைத்திலிருந்து வந்திருந்த தூதுக்குழுவை ரியாத்தில் மன்னர் ஃபைசல் வரவேற்றுக்கொண்டிருந்தபோது, அவருடைய உடன்பிறந்தார் மகன் ஒருவன் மரியாதை செலுத்த வருவதுபோல் நெருங்கிச் சுட்டான். யமானி அருகிலேயே நின்றிருந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள், தந்தை விட்டுச்சென்ற துறை முப்பத்தைந்து வயது மகனிடம் வந்தது. இதை வெறும் வாரிசுரிமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. சவுதியில் அரியணை அப்போது, நாட்டை நிறுவிய மன்னர் அப்துல் அசீசின் மக்களிடையே அண்ணனிடமிருந்து தம்பிக்கு என்று போய்க்கொண்டிருந்தது. ஃபைசலின் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. வெளியுறவும், தம்பி துர்க்கியிடம் பின்னர் வந்த உளவுத்துறையும், இன்னொரு சகோதரர் காலிதிடம் இருந்த ஆளுநர் பதவியும்தான் அந்தக் கிளையின் கையில் எஞ்சியிருந்த அதிகாரம்.

அதிகாரம் என்று சொன்னாலும், முடிவு எடுப்பவர் மன்னர்தான். அதை உலகத்துக்குச் சொல்பவர் அமைச்சர். இந்த வரம்பை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளாவிட்டால் அவருடைய வாழ்க்கையைச் சரியாக எடைபோட முடியாது. ஆயினும் அந்தச் சொல்லை ஓர் இளவரசர் வந்து சொல்லும்போது, எதிரில் அமர்ந்திருப்பவருக்கு அது ஓர் அலுவலரின் சொல்லாகக் கேட்பதில்லை, குடும்பத்தின் சொல்லாகக் கேட்கிறது. டமாஸ்கஸிலும் தெஹ்ரானிலும் மாஸ்கோவிலும் அவருக்கு இருந்த மதிப்புக்கு இதுவும் ஒரு காரணம். 1938 முதல் தூதரே இல்லாதிருந்த சோவியத் ஒன்றியத்துடன் உறவைப் புதுப்பிக்க, குவைத் மீது ஈராக் படையெடுத்த சில வாரங்களிலேயே, 1990 செப்டம்பரில் மாஸ்கோவுக்குச் சென்றவர் அவர்தான்.

அவருடைய சாதனை என்று ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால், நான் 1989ஐச் சொல்வேன். லெபனானில் உள்நாட்டுப் போர் பதினான்கு ஆண்டுகளாக எரிந்துகொண்டிருந்தது. சவுதி, மொராக்கோ, அல்ஜீரியா ஆகிய மூன்று நாடுகளின் குழு முன்னின்று, லெபனான் நாடாளுமன்றத்தில் உயிரோடு எஞ்சியிருந்த உறுப்பினர்களைச் செப்டம்பர் இறுதியில் தாயிஃபுக்கு அழைத்து வந்தது. அவர்கள் கடைசியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது 1972இல். அதன் பிறகு தேர்தலே நடக்கவில்லை. மூன்று வாரங்களுக்கு மேல் பேச்சு நீண்டது. கிறித்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் ஆறுக்கு ஐந்து என்றிருந்த இடப்பங்கீட்டைச் சரிபாதியாக்குவதில்கூட உடன்பாடு கண்டுவிடலாம். லெபனானில் இருந்த சிரியப் படைகள் எப்போது வெளியேறும் என்ற இடத்தில்தான் பேச்சு முட்டி நின்றது. சவூத் டமாஸ்கஸுக்குப் பறந்துபோய்ச் சிரிய அதிபர் ஹாஃபிஸ் அல் அசதிடம் பேசித் திரும்பினார். அசத் இறங்கிக்கொடுத்தது சொற்பமே. சிரியப் படைகள் லெபனானை விட்டு முழுவதும் நீங்க 2005 வரை ஆயிற்று என்பதால், அந்த ஒப்பந்தத்தில் ஓட்டை இருந்தது உண்மை. இருந்தும், துப்பாக்கிச் சத்தம் ஓய்வதற்கு வழிவகுத்தது அந்தக் காகிதம்தான். அது கையெழுத்தானது அவர் பிறந்த ஊரில் என்பது எனக்கு எப்போதும் பிடித்த தற்செயல்.

மற்றவற்றில் பெரும்பாலும் அவர் சரியாகவே கணித்தார், ஆனால் கணித்தது பயன்படவில்லை. 2003இல் ஈராக் மீதான அமெரிக்கப் படையெடுப்பை அவர் எதிர்த்தார். 2005இல் நியூயார்க்கில் பேசியபோது, ஈராக்கைக் காரணமே இல்லாமல் ஈரானிடம் தூக்கிக் கொடுக்கிறோம் என்று அமெரிக்கர்களின் முகத்துக்கு நேரே சொன்னார். பாலஸ்தீனத்துக்காக 1981இல் ஃபஹதின் அமைதித் திட்டமும், 2002இல் பெய்ரூட் மாநாட்டில் அப்துல்லாவின் அமைதித் திட்டமும் முன்வைக்கப்பட்டன. இரண்டுக்கும் நாடு நாடாகச் சென்று ஆதரவு திரட்டியும் ஒன்றும் நடக்கவில்லை. 2009இல் ஒரு நேர்காணலில், இத்தனை ஆண்டுகளில் மகிழ்ச்சியான கணம் என்று எதையும் தாம் பார்க்கவில்லை, நெருக்கடிகளை மட்டுமே பார்த்ததாக அவர் கூறியதைப் படித்தபோது, அது பணிவாகப் பேசுவதற்காகச் சொன்னதன்று என்றே எனக்குப் பட்டது.

அவருடைய பதிவேட்டில் குறைகள் இல்லாமல் இல்லை. தொண்ணூறுகளில் ஆப்கானிஸ்தானின் தாலிபான் அரசை அங்கீகரித்த மூன்றே நாடுகளில் ஒன்று அவருடைய நாடு. 2011 மார்ச்சில் பஹ்ரைனில் மக்கள் எழுந்தபோது சவுதிப் படைகள் இரு நாடுகளையும் இணைக்கும் கடற்பாலம் கடந்து சென்றதையும், 2015 மார்ச்சில் தொடங்கிய யேமன் போரையும் அவர் வலுவாக ஆதரித்துப் பேசினார். சிரியாவில் கிளர்ச்சியாளர்களுக்கு ஆயுதம் கொடுப்பது மிக நல்ல யோசனை என்று 2012இல் துனிஸில் அவர் சொன்னது, அவருடைய நிதானத்தை மெச்சும் என்னைப் போன்றவர்களுக்கும் இடறும் இடமாகவே இருக்கிறது.

கடைசி ஆண்டுகளில் முதுகெலும்பு அறுவைச் சிகிச்சைகளும் பார்க்கின்சன் நோயும் உடலைத் தளர்த்தின. கை நடுங்கியது, நடைக்கு ஊன்றுதுணை வேண்டியிருந்தது. பேச்சு மட்டும் கூர்மையடைந்தது. 2015 மார்ச் இறுதியில் ஷர்ம் அல் ஷேக் அரபு உச்சி மாநாட்டில் ரஷ்ய அதிபர் புதினின் வாழ்த்துக் கடிதம் வாசிக்கப்பட்டது. உடனே சவூத் ஒலிவாங்கியைப் பிடித்து, சிரியாவின் துயரத்தில் தமக்குப் பங்கே இல்லாததுபோல் ரஷ்யா பேசுவதையும், அந்த ஆட்சிக்கு ஆயுதம் கொடுப்பதே அதுதான் என்பதையும் சபையில் போட்டு உடைத்தார். ஒரு மாதம் கழித்து, உடல்நிலை காரணமாக அவர் விடுவிக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்த ஆதில் அல் ஜுபைர் அரச குடும்பத்தவர் அல்லர். ஜூலை 9 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் சவூத் காலமானார். மக்காவில் அடக்கம் செய்யப்பட்டார்.

இன்னொரு நிகழ்ச்சியையும் குறிப்பிட வேண்டும். 2001 செப்டம்பர் 11 தாக்குதல் பற்றிய அமெரிக்க நாடாளுமன்ற விசாரணை அறிக்கையில் 28 பக்கங்கள் மறைத்துவைக்கப்பட்டன. அவை சவுதியைக் குற்றஞ்சாட்டுவதாகப் பேச்சு இருந்தது. 2003 ஜூலையில் அவர் வாஷிங்டன் சென்று, மறைத்துவைத்த பக்கங்களுக்கு எங்களால் எப்படிப் பதில் சொல்ல முடியும், அவற்றை வெளியிடுங்கள் என்று அதிபர் புஷ்ஷிடமே கேட்டார். புஷ் மறுத்துவிட்டார். அந்தப் பக்கங்கள் 2016 ஜூலையில், சிற்சில வரிகள் கறுப்பு மையால் மறைக்கப்பட்டு வெளிவந்தன. கேட்டவர் மறைந்து அப்போது ஓராண்டு ஆகியிருந்தது.