கறுப்புத் தாளில் மரங்கள்

திருவான்மியூரில் இருக்கும் தாரா புக்ஸ் பதிப்பகத்தின் கடைக்குப் போயிருந்தேன். 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' புத்தகத்தைத் திறந்ததுமே மை வாசனை. கோண்டு பழங்குடி ஓவியர்கள் பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூவரும் வரைந்த மரங்கள், கறுப்புத் தாளில். 2006-இல் முதலில் வந்தது. ஒவ்வொரு பக்கமும் கையாலேயே ஸ்கிரீன் பிரிண்டிங் செய்தது. ஒரு நிறம் காய்ந்த பிறகுதான் அடுத்த நிறம். விரலால் தடவினால் மையின் மேடு லேசாகத் தட்டுப்படுகிறது. செல்போன் படத்தில் அது வரவே வராது, நேரில் தொட்டுப் பாருங்கள்.

அப்புறம், அச்சில் பிசகிப்போன தாள்களை வைத்தும் நோட்டுப் புத்தகம் செய்கிறார்கள். ஒன்று வாங்கினேன். அட்டையில் மரக்கிளையின் மேலேயே இன்னொரு படம் பதிந்திருக்கிறது. மகள் பள்ளிக்கு எடுத்துப்போகக் கேட்கிறாள். கொடுக்க இன்னும் மனசு வரவில்லை.