பின் சீட் பெல்ட்

நேத்து மஞ்சக்குப்பத்துலேர்ந்து பாண்டிக்குக் கார்ல போனோம். பின் சீட் பெல்ட் கொக்கி புது சீட் கவருக்குள்ள புதைஞ்சு கிடந்துச்சு. ரெட்டிச்சாவடி வர்றவரைக்கும் விரலை விட்டுத் தோண்டினேன். "பின்னாடி எதுக்குப்பா?"ன்னார் மாமா. முன் சீட்ல அக்கா, மடியில 2 வயசுக் குழந்தை. ஏர்பேக் வெடிச்சா முதல் அடி அந்தப் பிள்ளைக்குத்தான். ஓரங்கட்டச் சொல்லி ரெண்டு பேரையும் பின்னாடி மாத்தினேன். குழந்தை சீட் இந்த வாரமே வாங்கணும்.

2022-ல தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி கார் விபத்துல இறந்தது பின் சீட்ல, பெல்ட் போடாம. பின் சீட்ல பெல்ட் போடலேன்னா சட்டத்துல 1000 ரூபாய் அபராதம் இருக்கு. 6 ஏர்பேக் கட்டாயம்னு பேசின மத்திய அரசு 2023-ல கைவிட்டுடுச்சு. எனக்கு அதுல வருத்தம்தான். ஆனா பெல்ட் ஏற்கெனவே வண்டியில இருக்கே! திரும்பி வர்றப்ப எல்லைச் சோதனையில டிக்கியைத் திறந்து பார்த்தாங்க. பின் சீட்டையும் பார்க்கணும்.