சிவப்பு, ஒரு ஸ்டாப் குறைத்து

பிப்ரவரி 21
இவருடைய ரிப்போர்ட் இன்றும் வரவில்லை. வெள்ளி என்றார்கள், இப்போது செவ்வாய் என்கிறார்கள்.

பிப்ரவரி 22
ஆஸ்பத்திரியில் மதியம்தான் உள்ளே விடுவார்கள். காலை முழுக்க வீட்டில் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். கேமராவை எடுத்துக்கொண்டு கியோத்தோவின் தத்துவஞானியின் பாதை வழியாக, கால்வாய் ஓரமாக ஹோனென்-இன் கோயில் வரை நடந்தேன். ட்சுபாகி பூக்க ஆரம்பித்திருக்கிறது. காட்டுக் காமெலியா, ஒற்றை அடுக்கு. முழுசாக விரியாத கருஞ்சிவப்பு. நடுவில் மகரந்தத் தாள்கள் அடியில் ஒட்டி ஒரு குழாயாக நிற்கின்றன, நுனி மட்டும் மஞ்சள். நேரில் அப்படி ஒரு அழகு. படத்தில் பூவே இல்லை, சிவப்புத் திட்டு.

பிப்ரவரி 23
அத்தை போன் செய்தார். "சாப்பிட்டானா?" சாப்பிட்டார் என்றேன்.

பிப்ரவரி 25
தூறல். சிவப்புக்கு மேகம்தான் நல்லது. வெயிலில் சிவப்புச் சேனல்தான் முதலில் நிரம்பி வழிகிறது. வெளிச்ச அளவைக் காட்டும் மொத்த ஹிஸ்டோகிராமைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். சிவப்பைத் தனியாகப் பிரித்துப் பார்த்தால்தான் வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்பது தெரிகிறது. ஒரு ஸ்டாப் குறைத்தேன், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக. இதழின் நரம்புகள் வந்துவிட்டன. இலையின் பளபளப்பை லென்ஸில் மாட்டிய போலரைசர் ஃபில்டர் பார்த்துக்கொண்டது.

மொத்தமாகப் பார்த்துத்தானே ஜனவரியில் ஒன்றுமில்லை என்றார்கள்.

பிப்ரவரி 27
வந்தது. இங்கே எழுதப்போவதில்லை.

மார்ச் 2
வேலியோரம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து, இதை மட்டும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடாதே அம்மா என்றார். இதழ் இதழாக உதிராமல் முழுப் பூவாகக் கழன்று விழும், தலை விழுவது போல. அதனால் நோயாளிக்கு ஆகாதாம். தொட்டிச் செடியும் கூடாது, வேர் பிடித்தால் படுக்கையும் பிடித்துக்கொள்ளுமாம். சொல்லிவிட்டு ஒரு பை நிறைய மிகான் ஆரஞ்சு கொடுத்தார்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இதழ்கள் அடியில் ஒன்றோடொன்றும், தாள்களோடும் ஒட்டியிருக்கின்றன, அதனால் சேர்ந்தே விழுகின்றன. அவ்வளவுதான். நவம்பரில் இதே தெருவில் பூத்த சசாங்காவும் காமெலியாதான், அது தனித்தனி இதழாக உதிர்ந்தது, அதை யாரும் எதுவும் சொல்லவில்லை. தேயிலையும் ஒரு காமெலியாதான். வார்டில் சாப்பாட்டோடு தேநீர் கொடுக்கிறார்களே, அதற்குத் தடை இல்லையா?

ஆனாலும் இன்று கேமராவை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போனேன். படத்தில் இருப்பதும் பூதானே.

மார்ச் 3
கேமரா எங்கே என்று கேட்டார்.

மார்ச் 6
மெஜிரோ ஒன்று தலைகீழாகத் தொங்கித் தேன் குடித்தது. நம்மூர் வெள்ளைக்கண்ணியின் சொந்தக்காரன். இந்தக் குளிரில் பூச்சிகள் குறைவு, ட்சுபாகி பறவைகளைத்தான் நம்பியிருக்கிறது. அலகு நெற்றி எல்லாம் மகரந்தம் அப்பியிருந்தது. ஃபோகஸ் கிளையில் விழுந்துவிட்டது. போகட்டும்.

மார்ச் 9
வாந்தி. பூ எதுவும் பார்க்கவில்லை.

மார்ச் 14
படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தார். கடைசியில், "கீழே கிடக்கிறதை ஏன் எடுக்கல?" என்றார். பாசிமேல் மேலே பார்த்தபடி நிறையத்தான் கிடக்கின்றன, வாடாமல். வெளிச்சம் இல்லை என்றேன். சிரித்தார். எனக்கு முன்பே இந்த ஊருக்கு வந்தவர், பாட்டி சொன்னதெல்லாம் அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

மார்ச் 28
ட்சுபாகிக் கோயில் என்று எல்லோரும் சொல்லும் ஜிசோ-இன்னுக்குப் போனேன். ஒரே மரத்தில் சிவப்பு, வெள்ளை, இளஞ்சிவப்பு, வரி போட்டது. அடுக்குப் பூ, இதழ் இதழாகத்தான் உதிரும். பழைய மரம் பதினாறாம் நூற்றாண்டு ஆட்சியாளர் ஹிதேயோஷி கொடுத்தது என்பார்கள், இப்போதிருப்பது அதன் வாரிசு. தரையெல்லாம் இதழ். இதை வார்டுக்குக் கொண்டுபோகலாமோ என்னவோ. எனக்கென்னவோ பிடிக்கவில்லை. ரொம்ப அலங்காரம்.

திரும்பும்போது ஹோனென்-இன் போய், முழங்காலிட்டு, கீழே கிடந்தவற்றை எடுத்தேன். ஒரு ஸ்டாப் குறைத்து.

மார்ச் 30
நாளை காலை எட்டரைக்கு. தாள்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டாயிற்று. அத்தை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். கேமராவைக் கட்டாயம் கொண்டு வா என்கிறார் இவர், கீழே விழுந்ததைப் பார்க்க வேண்டுமாம். பேட்டரி சார்ஜில் இருக்கிறது.